ஒப்படைக்குக் கேரி பால்சனை எடுத்தால்

மட்டக்களப்பில் ஆங்கில டிப்ளோமா படிக்கும்போது, இளையோருக்காக எழுதும் ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் ஆராயும் ஒப்படைக்கு நான் எடுத்தது அமெரிக்க எழுத்தாளர் கேரி பால்சன். அடுத்த பட்ச் தம்பி தங்கச்சிமார் சிலரும் அவரையே எடுக்க நினைப்பதாகக் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

1939இல் மினியாபொலிஸில் பிறந்தார், 2021இல் இறந்தார், 200க்கும் மேற்பட்ட நூல்கள், மூன்று நாவல்களுக்கு நியூபெரி ஹானர் (அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரிக்கு அடுத்த நிலைக் கௌரவம்). இதற்கெல்லாம் அரைப் பக்கம் போதும். எல்லாரும் எழுதுவதுதான், இதில் புள்ளி விழாது.

புள்ளி விழுவது, அவர் பட்டது எந்த இடத்தில் கதைக்குள் போனது என்று காட்டும்போதுதான். 1987இல் வந்த 'ஹாட்செட்' நாவலை எடுங்கள். 13 வயதுப் பிரையன் போகும் சிறு விமானத்தில் விமானிக்கு மாரடைப்பு வருகிறது. விமானம் கனடாக் காட்டு ஏரியொன்றில் விழுகிறது. கையில் மிஞ்சுவது தாய் கொடுத்த கைக்கோடரி மட்டும். அதோடு 54 நாள். பால்சன் அம்புலன்ஸ் உதவிக்குப் போய் மாரடைப்புச் சாவுகளை நேரில் கண்டவர். அதனால்தான் அந்த விமானிக் காட்சி அப்படி உறைக்கிறது. பிரையன் ஆமை முட்டையைப் பச்சையாகக் குடிப்பான். எழுதியவர் தானும் முயன்று பார்த்து, அது மட்டும் தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார். இப்படி இரண்டு இடத்தை ஆழமாக எழுதினால் பத்துப் புத்தகப் பெயரை அடுக்கத் தேவையில்லை.

ஆனால் 'பிரையன்தான் பால்சன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குடிகாரப் பெற்றோரிடமிருந்து தப்பிக் காட்டில் திரிந்து, வேட்டையும் மீன்பிடியும் சிறுவயதிலேயே பழகியவர் பால்சன். குளிருக்கு ஒதுங்கிய நூலகத்தில் ஒரு நூலகர் அட்டை போட்டுக் கொடுத்த பிறகுதான் வாசிப்பே வந்தது. பிரையனோ காடு தெரியாத நியூயோர்க் பையன். தனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாத ஒருவனை வைத்துக் கண்டுபிடிக்கச் செய்ததுதான் அவருடைய கெட்டித்தனம் என்பது என் எண்ணம்.

'கனடாக் காட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்' என்றும் தயங்க வேண்டாம். என்னோடு சேர்ந்து படித்த ஒருவர் படுவான்கரைக்காரர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். நெருப்பு மூட்டியதும் புகைக்கு நுளம்பு விலகும் இடத்தை வாசித்துவிட்டு, "இது எங்கட மாட்டுப்பட்டியில் அந்திக்குச் செய்யிறதுதானே" என்றார். அதையே முன்வைப்பில் சொன்னார். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. யானைக்காவலுக்குப் பரணில் இரவிருந்த மாமா, சித்தப்பா இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

அலாஸ்காவின் இடிடரோட் ஓட்டத்தில், அதாவது நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில், 1983இலும் 1985இலும் அவர் இறங்கியதையும் விட வேண்டாம். 1985இல் வந்த 'டொக்சோங்' நாவலும் நாய்வண்டியில் போகும் ஒரு பையனின் கதைதான், அதைப் பற்றிப் பேச இது வேண்டும்.

அப்புறம் வாய்மொழிப் பரீட்சை. சுருக்கத்தை மட்டும் வாசித்தவர்கள் தடுமாறுவது தொடர்ச்சி நாவல்களில்தான். 1991இல் வந்த 'த ரிவர்', பிரையன் காப்பாற்றப்பட்ட பின்னர் நடப்பது. 1996இல் வந்த 'பிரையன்ஸ் வின்டர்' அதற்கு அடுத்த கதை அல்ல. குளிர்காலத்துக்கு முன்பே அவனை மீட்டது போதாது என்று வாசகர்கள் எழுதியதால், மீட்கப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதியது. என்னிடம் முதலில் கேட்டதும் இதைத்தான்.