கொப்பியை மூடி வையுங்கள்

2025 பெப்ரவரி 8, சனி

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குச் சற்று முன்னால் உள்ள வாசிகசாலையில் இன்று ஆங்கில வகுப்பு தொடங்கியது. ஒன்றுமே தெரியாதவர்களுக்கு என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களைப் பார்த்தால் இரண்டு வகை. தரம் 3இலிருந்து சாதாரண தரம் வரை ஆங்கிலத்தைப் பார்த்தெழுதியே கழித்து, ஒரு வசனத்தையும் வாயால் சொல்லாதவர்கள் ஒரு பக்கம். இடப்பெயர்வோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆங்கில எழுத்தையே கண்டறியாதவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் என் கணக்கில் தொடக்கநிலைதான்.

முதல் தரப்பினர் இருந்ததும் கொப்பியைத் திறந்தார்கள். திகதி எழுதி, அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடும் போட்டாயிற்று. நான் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஓப்பின் த டோர். சொல்லிச் செய்துகாட்டினேன், அவர்களும் செய்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்த முறை இது. பேசு பேசு என்று நெருக்காமல், முதலில் காது கேட்டு உடம்பு செய்யட்டும் என்று விடுவது. ஆச்சி ஒருவர் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் எனக்கே கட்டளை போட்டார்: "ரீச்சர், சிட் டவுன்!" நானும் இருந்தேன்.

போகும்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாள்: "இன்றைக்கு நோட்ஸ் ஒன்றும் இல்லையா, ரீச்சர்?"

பெப்ரவரி 15, சனி

காலபோக அறுவடை. வீதியின் ஒரு கரை நெடுகிலும் நெல் காய்கிறது. பஸ்கள் மறுகரையில் ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. வகுப்பில் பாதிப்பேர் இல்லை.

வந்தவர்களோடு உச்சரிப்பை எடுத்தேன். ஆளுக்கொரு தாள் கீற்று கொடுத்து, வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். எழுதுகிற பென்னைச் சொன்னால் வாய்க்காற்றில் தாள் துள்ள வேண்டும். கோயில் மணியாகிய பெல்லைச் சொன்னால் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே எழுதும்போதுகூட இரண்டுக்கும் ஒரே பகரத்தைத்தான் போடுகிறேன். தொல்லையே அதுதான். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. ஐந்து உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டு இருபது உயிரொலி அளவுக்குச் சமாளிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும் என்று நம்பிப் பழகிய நமக்கு அது பெரிய அநியாயமாகத்தான் படும்.

ஆச்சியின் தாள் முதலாவதாகத் துள்ளியது. நெல் களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் அண்ணனின் தாளும் துள்ளியது. கொப்பிக்காரர்களின் தாள்கள் அசையவில்லை. அவர்கள் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் தலையிலும் தமிழில் எழுதிவைத்து, அந்தத் தமிழைத்தான் வாசிக்கிறார்கள். எழுத்தறியாதவர் காதை நம்புகிறார். இதைப் பள்ளிக்கூடங்களில் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று ஒரு சுவரொட்டி. பன்னிரண்டு காலங்களையும் ஒரே அட்டவணையில் போட்ட புத்தகம் இலவசமாம். எங்கள் வகுப்பில் இருவர் அதை வாங்கியும் வந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் புத்தகத்தைப் பிடுங்க முடியுமா?

மார்ச் 1, சனி

வெறும் யூரியாப் பை ஒன்றைக் கொண்டுபோய்ச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். வன்னியில் எந்த வீட்டுக் கோடியிலும் கிடக்கும் ஆங்கிலப் பாடம் அது. 46 சதவீதம் நைட்ரஜன், 50 கிலோ நிறை. இதெல்லாம் இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் யூஸ் நோ ஹூக்ஸ். ஹூக் என்றால் என்ன என்று விரலை வளைத்துக் காட்டினேன். களஞ்சியத்து அண்ணன் எழும்பி வந்து, அந்த வரியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொளுக்கி போடாதே என்றா எழுதியிருக்கிறார்கள்? நான் இத்தனை வருடமும் இந்த எழுத்திலேதான் கொளுக்கியைக் கொளுவுகிறேன். பிடிக்கத் தோதான இடம்."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அதன் பிறகு பஸ்ஸில் கண்ட நோ ஸ்மோக்கிங், ஆஸ்பத்திரி வாசலில் கண்ட நோ பார்க்கிங் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை என்னை நோக்கி விரலை நீட்டி, "நோ நோட்ஸ்!" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத ஆங்கிலம்; அவளே கட்டியது. இரண்டே சொல்லானாலும் அட்டவணையிலிருந்து அது வந்திருக்காது.

மார்ச் 8, சனி

அந்தப் பிள்ளைக்கு வேலையிடத்தில் ஒரு சிக்கல். மேற்பார்வையாளருக்குத் தமிழ் வராது, இவளுக்குச் சிங்களம் வராது. முடித்த உருப்படிகளின் கணக்கை இருவரும் ஆங்கிலத்தில் பரிமாறிக்கொள்கிறார்கள். இவள் அறுபது என்று சொன்னது அங்கே பதினாறாகக் கேட்டிருக்கிறது. ஏச்சு வேறு.

இன்றைய வகுப்பு முழுவதும் அதற்கே போனது. சிக்ஸ்டி என்றால் முதல் அசையில் மேசையைத் தட்ட வேண்டும். வால் குறுகி முடியும். சிக்ஸ்டீன் என்றால் கடைசியில் தட்டி இழுக்க வேண்டும். தேர்ட்டி, தேர்ட்டீன் என்று தட்டிக்கொண்டே போனோம். வாசிகசாலையில் பேப்பர் பார்க்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "இது என்ன மிருதங்க வகுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓட்டோத் தம்பி கட்டணம் சொல்லிப் பழகினார். அண்ணன் மூட்டை எண்ணினார்.

வாயால் சரியாகச் சொன்ன பிறகு, அதைக் கொப்பியில் எழுத அனுமதித்தேன். சிவப்புக் கோடுகள் மறுபடி விழுந்தன. தமிழை மேலே எழுத மட்டும் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒவ்வொருவரும் ஆங்கிலம் அச்சடித்த பொருள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆச்சி தன் கிளினிக் கொப்பியைக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஓட்டோத் தம்பி, ஓட்டோவையே உள்ளே ஏற்றலாமா என்று கேட்கிறார். கதவு அகலம் போதாது.