பாடிங்டன்ஸை எடுத்தது யார்

மான்செஸ்டரின் பழைய பீரான பாடிங்டன்ஸின் பீப்பாய் எங்கள் பப்புக்கு இனி வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்தான். பீப்பாய்களை வைக்கும் நிலவறையான செல்லர் என் பொறுப்பில் இருந்தது. மேனேஜர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த முடிவைப் பற்றிப் பேச எனக்கு இன்றும் தயக்கமில்லை. ஒரு பெரியவர் அதைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்ன பதில்தான் உறுத்துகிறது.

காஸ்க் பீர், அதாவது பீப்பாயிலேயே முதிரும் பீர், உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். செல்லரை 11, 12 டிகிரியில் வைத்து, ஈஸ்ட் அடியில் படியும்வரை அசைக்காமல் விட்டு, அப்புறம் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் கவுண்டரில் உள்ள கைப்பம்பால் ஒவ்வொரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) இழுக்கும்போதும் உள்ளே காற்று போகும். மூன்று நாளில் தீர்ந்தால் நல்லது. நாங்கள் வாங்கிய ஃபிர்கின் பீப்பாயில் 72 பைன்ட். தீராவிட்டால் பீர் மந்தமாகி, அப்புறம் புளிப்பேறிவிடும். அந்தப் பைன்ட்டைக் குடித்தவர் அடுத்த முறை வேறு பம்பைக் காட்டுவார். அடுத்த பீப்பாய் இன்னும் மெதுவாக நகரும், இன்னும் மோசமாக இருக்கும். எங்கள் பாடிங்டன்ஸ் இந்தச் சுழலில் சிக்கியிருந்தது. மீதியை நான்தான் சாக்கடையில் கொட்டினேன். நல்ல பீரைக் கெட்டுப்போகவிட்டு விற்பதைவிட நிறுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

பெரியவர் வேறெதையும் தொடமாட்டார். மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைக்குப் பக்கத்தில் நின்ற பாடிங்டன்ஸ் ஆலையின் பிட்டரை, அந்தக் கசப்பு பீரை, இளவயதிலிருந்து குடித்தவர். வைக்கோல் நிறம், நாக்கில் நிற்கும் கசப்பு. பிந்தி வந்ததில் அந்தக் கசப்பு இல்லை என்பார், ஆனாலும் விடவில்லை. 1778-ல் தொடங்கிய ஆலை அது. 1970 வாக்கில் அலைடு ப்ரூவரீஸ் என்ற பெரிய பீர் கம்பெனி விழுங்கப் பார்த்தபோது எதிர்த்து நின்ற கம்பெனி. அதே கம்பெனி 1989-ல் காய்ச்சும் தொழிலை விட்பிரெட் என்ற இன்னொரு பீர் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் பப்களை மட்டும் வைத்துக்கொண்டது. 1995-ல் பப்களும் கிரீனால்ஸ் என்ற பப் கம்பெனியின் கைக்குப் போயின. எல்லோரும் ஆலையின் புகைபோக்கி விழுந்ததைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முறிவு 1989-லேயே நடந்துவிட்டது. காய்ச்சுகிறவரும் ஊற்றுகிறவரும் ஒரே குடும்பமாக இருந்தவரை, ஒரு கடையில் பீர் மந்தமாக விற்றால் அது இருவருக்கும் கவலை. பிரிந்தபின் கடைக்காரருக்கு அது பத்துப் பம்புகளில் ஒன்று.

அந்தப் பிரிவுக்குப் பிறகுதான் பாடிங்டன்ஸ் நாடு முழுக்கப் பிரபலமானது என்பது வேதனையான விஷயம். ‘மான்செஸ்டரின் க்ரீம்’ என்று விளம்பரம் செய்து கேனில் அடைத்து விற்றார்கள். கேனில் அடைக்க முடிந்ததை எங்கே வேண்டுமானாலும் காய்ச்சலாம் அல்லவா? 2000-ல் பெல்ஜியத்தின் இன்டர்ப்ரூ விட்பிரெட்டின் பீர் தொழிலை வாங்கியது. 2005-ல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலையை மூடினார்கள், 2007-ல் இடித்தார்கள். அழுத்தமேற்றிய உலோகப் பீப்பாயான கெக்கும், கேனும் ஊரைவிட்டுப் போயின. காஸ்க்கை மட்டும் மான்செஸ்டரின் மாஸ் சைடில் ஹைட்ஸ் ஆலை காய்ச்சிக் கொடுத்தது. ஆலையை மூடிய கோபத்தில் ‘இது இனி மான்செஸ்டர் பீர் இல்லை’ என்று எங்கள் வாடிக்கையாளர் பலர் காஸ்க்கையும் ஒதுக்கினார்கள். பாடிங்டன்ஸில் ஊருக்குள் காய்ச்சப்பட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பெரியவருக்கு இது தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லிப் பார்ப்பார், யாரும் காது கொடுக்கவில்லை.

பம்பிலிருந்து அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றிய வாரம் அவர் வந்தார். இடத்தைப் பார்த்தார். “எடுக்கச் சொன்னது மேலிடமா, நீயா?” என்றார்.

“விற்கலீங்க” என்றேன்.

“நான் குடிச்சிட்டுத்தானே இருந்தேன்.”

குரலை உயர்த்தவில்லை. நான் புதிதாகப் போட்டிருந்த பேல் ஏலைக் கொஞ்சம் ருசி பார்க்கச் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஒரு கின்னஸ் வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது யார் என்று. நான் சொன்னது ஏன் என்று. ‘நான்தான்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை திட்டியிருப்பார், அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆலையை விற்றவர்கள், மூடியவர்கள், இடித்தவர்கள் யாரும் அவர் முன்னால் வந்து நின்றதில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றது நான் ஒருவன். இப்படி யோசித்தால் மறுபக்கமும் உடனே வந்துவிடுகிறது. அத்தனை பேரும் செய்ததற்கு செல்லரில் பீப்பாய் உருட்டுகிறவன் எதற்காகத் திட்டு வாங்க வேண்டும்? எங்களுக்குச் சரக்கு தந்தவரிடம் பாதி அளவுப் பீப்பாய் உண்டா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். 2012-ல் காஸ்க் பாடிங்டன்ஸ் காய்ச்சுவதையே நிறுத்தியபோது, ‘நான் எடுக்காவிட்டாலும் இதுதானே நடந்திருக்கும்’ என்று தோன்றி மனம் லேசானது. ஆனால் நான் எடுத்தபோது அது இன்னும் காய்ச்சப்பட்டுக்கொண்டிருந்தது. என்னைப் போல எத்தனை செல்லர்களில் எத்தனை பேர் அதே கணக்கைப் போட்டார்களோ!

விற்பனை என்று நாங்கள் சொல்வது என்ன என்று அதன்பின் அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் தவறாமல் வந்து ஒன்றையே குடிக்கிறார். கணக்கில் அவர் தெரிவதில்லை, கொட்டியதுதான் தெரிகிறது. அந்தக் கணக்கும் பொய் இல்லை.

இப்போது இருக்கும் இடத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு ‘மூன்று நாளில் தீராததை வைக்காதே’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எங்கள் கடைசிப் பம்பில் ஒரு மைல்டு, கசப்புக் குறைந்த பீர், ஓடுகிறது. 36 பைன்ட் பிடிக்கும் சின்னப் பீப்பாய், அதுவும் பல வாரம் மூன்று நாளில் தீர்வதில்லை. கணக்குப் பார்க்கிறவர் மாதாமாதம் கேட்கிறார், நானும் ஏதோ சொல்லி ஓட்டுகிறேன். பெரியவருக்குச் செய்கிற பரிகாரம் என்று இதைச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அவர் மைல்டு குடிக்கிறவரே இல்லை.