லேசாக ஏறிய சுருதி

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு என்கிட்ட ரெண்டு பிரதி இருக்கு. 1959ல பதிவு பண்ணும்போது ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. அந்த டேப்பைச் சரியான வேகத்துல ஓட்டித் தட்டு போட்டதால, பழைய தட்டுகள்ல முதல் பக்கம் முழுக்கச் சுருதி லேசா ஏறியே கேட்கும். 1992லதான் சரி பண்ணாங்க. எனக்கு அந்தப் பழைய தட்டுதான் உயிர். விளிம்பைப் பிடிச்சு உறையிலிருந்து எடுத்து, தூசி துடைச்சு, ஊசியை வெச்சதும் வர்ற அந்தச் சரசரப்பு! விளக்கை அணைச்சிடுவேன். பக்கம் முடியற வரைக்கும் போனைத் தொடமாட்டேன்.

நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்டுங்கற ஜாஸ் கிளப்புல ஒரு திங்கள் ராத்திரி இன்னும் காதுல இருக்கு. படி இறங்கினா சின்ன நிலவறை. 1966ல ஆரம்பிச்ச பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் இசைக்குழு) கச்சேரி, இன்னிக்கும் திங்கள்தோறும் நடக்குது. டிராம்போன்காரர் மூச்சு இழுக்கறதே கேட்டுச்சு. கண் கலங்கிடுச்சு எனக்கு.