சிரித்து முடித்த பிறகு

பிப்ரவரி 8

அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மாமா பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் அறையே வெடித்துச் சிரித்தது. அந்த உச்சத்தில் பத்துப் பன்னிரண்டு படம் தட்டிவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஸ்கிரீனைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அம்மா சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்து, சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேமராவை உயர்த்துவதற்குள் இருவரும் நேராக உட்கார்ந்துவிட்டார்கள்.

இரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சத்தில் எடுத்தவற்றில் வாய்கள் திறந்திருக்கின்றன, கண்கள் இறுக மூடியிருக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சிரிப்பது போல இருக்கிறது. சிரிப்பு வடியும்போதுதான் மனிதர்கள் இன்னொரு முகத்தைத் தேடுகிறார்கள், ‘நீயும் கேட்டாயா’ என்பது போல. நான் தவறவிட்டது அதைத்தான். மனது ஆறவே இல்லை.

பிப்ரவரி 9

எடுத்த படம் ஸ்கிரீனில் தானாக வந்து நிற்கும் அமைப்பை அணைத்துவிட்டேன். இனி வீட்டுக்கு வந்துதான் பார்ப்பது.

பிப்ரவரி 15

‘சிரிங்க’ என்று சொன்னால் ஏன் முகம் மரத்துப்போகிறது? பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, படங்களும் எடுத்து ஆராய்ந்தவர் அவர். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ பெரும்பாலும் உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும். அது அசையும்போது கன்னம் மேலேறும், கண்ணோரம் சுருங்கும்.

இதைப் படித்த பிறகு நான் நிற்கும் இடமே மாறிவிட்டது. கண்ணோரத்தில் வெளிச்சம் விழாவிட்டால் அந்தச் சுருக்கம் படத்தில் தெரியாது. அதனால் ஓர் அறைக்குள் போனதும் முதலில் ஜன்னல் எங்கே என்று பார்க்கிறேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழும்படி ஓரமாக நின்றுகொள்கிறேன். ஃப்ளாஷைத் தொடுவதில்லை. ஒருமுறை மின்னினால் போதும், அப்புறம் அந்த அறையில் எல்லோருக்கும் கேமராவின் நினைப்பு வந்துவிடும்.

பிப்ரவரி 22

பூங்காவில் அக்கா மகனும் அவன் நண்பர்களும். திண்ணையிலிருந்து குதிப்பதும் ஓடுவதும் மறுபடி ஏறுவதுமாக ஒரு மணி நேரம். முதல் இருபது படங்களும் கலங்கிப்போயின. நேற்று மாலை வீட்டுக்குள் எடுத்தபோது வைத்த 1/60 நொடி ஷட்டர் வேகத்தை மாற்ற மறந்திருந்தேன். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/250 போதும், குதிக்கும் பிள்ளைகளுக்கு 1/500க்குக் கீழே இறங்கக் கூடாது. இருட்டினால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவை, ஏற்றிக்கொள்ளலாம். படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். கலங்கிய முகத்தைவிட, புள்ளி விழுந்த முகம் எனக்கு எவ்வளவோ மேல்.

ஃபோகஸ் தேடி நேரம் போகாமல் இருக்க, 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்து ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டேன். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக வரும். அந்தத் தூரத்தில் நானும் இருந்தால் சரி, மற்றதெல்லாம் அவர்கள் பாடு.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் லார்டீக்கை நினைத்துக்கொண்டேன். 1894ல் பிறந்தவர். ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி படிக்கட்டிலிருந்து அந்தரத்தில் பறந்துவரும் அவரது புகழ்பெற்ற படம் 1905ல் எடுத்தது. அப்போது அவரே சிறுவன். விளையாட்டுக்கு வெளியே நின்று பார்த்தவர் இல்லை, அதற்குள்ளேயே இருந்தவர். அந்தப் படத்தின் துள்ளல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது 1963ல், அவருடைய அறுபத்தொன்பதாவது வயதில்.

கேமராவை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பிள்ளைகளோடு ஓடினேன். திரும்ப எடுத்தபோது ஒருவனும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 1

பூங்காவில் ஒரு வயதான தம்பதி. அவர் ஏதோ சொல்ல, அந்த அம்மா அவர் கையில் செல்லமாக ஓர் அடி போட்டார். எடுத்தேன். நல்ல படம். அருகில் போய்க் காட்டினேன். அவர் ரசித்தார், அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த அம்மாவின் கண்ணெதிரிலேயே அழித்தேன். கொஞ்சம் வலித்தது, ஆனால் அது அவருடைய முகம். முன்பே கேட்டால் அந்தக் கணம் கலைந்துவிடும், அதனால் எடுத்த பிறகாவது கேட்பது என் வழக்கம். தெரியாத பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடுவதில்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டுவானோ 1950ல் பாரிஸ் தெருவில் எடுத்த முத்தப் படத்தையும் யோசித்தேன். தற்செயலாகக் கிடைத்த கணம் என்றே உலகம் பல காலம் நம்பியது. பின்னாளில் விஷயம் நீதிமன்றம் வரை போனபோது, அந்த ஜோடியை அவர் கேட்டுக்கொண்டு எடுத்த படம் என்று தெரிந்தது. படத்தின் அழகு எனக்குக் குறையவில்லை. ஆனால் நான் தேடுவது அது இல்லை.

மார்ச் 9

மறுபடியும் அக்கா வீடு. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரை முயன்றேன். எல்இடி விளக்கடியில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடுகள். சாதா ஷட்டருக்கே திரும்பினேன். அந்தச் சின்னச் சத்தம் பேச்சொலியில் கரைந்துவிட்டது.

அம்மாவும் சித்தியும் சோபாவில். நாற்பது நிமிடம் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கும் சலித்து, எனக்கும் கை வலித்து, அப்புறம் ஏதோ ஒரு பழைய பெயர் பேச்சில் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உச்சத்தில் ஒரு படம்கூட எடுக்காமல் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி காத்திருந்தேன். சிரிப்பு வடிந்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சித்தியின் பக்கம் திரும்பினார். சித்தி ஏற்கெனவே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று முறை அழுத்தினேன்.

மார்ச் 12

பிரிண்ட் வந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். போட்டோவில் தன் முகத்தைப் பார்த்ததும் ‘தலையெல்லாம் கலைஞ்சிருக்கு’ என்று தள்ளிவைப்பவர், இந்தத் தடவை ஜன்னலோரம் எடுத்துப்போனார்.

“உன் சித்தி எப்படிப் பாக்குறா பாரேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அவளுக்கும் ஒண்ணு போட்டுக் குடு” என்றார்.