ஓலை வாசித்த பிறகு

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

திருக்குடும்ப விழா. பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் தேடிய நற்செய்தி. திருக்குடும்பத்துக்கே அந்தப் பதற்றம் இருந்திருக்கிறது என்று ஃபாதர் சொன்னது மனதில் நின்றது. மறையுரை முடிந்ததும் தம்பதிகள் எழுந்து திருமண வாக்குறுதியைப் புதுப்பித்தோம். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கும் பெண்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். தூத்துக்குடியில் இப்படிப் பல வீடுகள்.

ஜனவரி 11, 2025, சனி

திருமணத் தயாரிப்பு வகுப்பு. மார்ச் 5 சாம்பல் புதன், அன்று தொடங்கும் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் நல்ல கூட்டம். டாக்டரும் வக்கீலும் பேசிய பிறகு, வரவு செலவு பற்றி நானும் என் கணவரும் பேசினோம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, தங்கள் பேரில் இருக்கும் கடனையும் பெற்றோருக்கு மாதாமாதம் கொடுப்பதையும் எழுதச் சொன்னோம்.

ஒரு பெண் தங்கையின் படிப்புக்காக வைத்த நகைக்கடனை எழுதிவிட்டு, தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனிடம் நீட்டினாள். வாசித்துவிட்டு, "சரி, வட்டி எவ்வளவு?" என்றான். அப்புறம் இரண்டு பேரும் அதே தாளின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். தாலி கட்டிய பிறகு இது தெரிந்திருந்தால், 'மறைத்துவிட்டார்கள்' என்ற பேச்சுத்தான் முதலில் வந்திருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசித்தார்கள். தடை தெரிந்தால் சொல்லச் சொல்லிக் கேட்கிற சபை, கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன குறை என்றும் கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1063ஆம் விதி, மணமானவர்களுக்குத் தொடர்ந்து உதவுவதையும் மேய்ப்பர்களின் கடமையாகத்தான் சொல்கிறது.

ஜூன் 14, சனி

அன்பியக் கூட்டம், அதாவது பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற கூட்டம், இந்த முறை அந்தப் பெண்ணின் வீட்டில். அவள் கணவன் கப்பல் ஏறிவிட்டான். ஜெபமாலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மாமியார் என்னிடம், "எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறா, நீங்களாவது கேளுங்கக்கா" என்றார். அடுப்படியில் அவளோ, "அத்தை என்ன நினைப்பாங்களோன்னு பயமா இருக்குக்கா" என்றாள். இரண்டு பேரிடமும் கோபம் இல்லை. நடுவில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில் இதைத்தான் கேட்டார்: திருமணமான முதல் வருடங்களில் அனுபவமுள்ள தம்பதிகள் துணை நிற்க வேண்டும். அன்பியத்தில் ஒவ்வொரு புது வீட்டுக்கும் ஒரு தம்பதியைப் பொறுப்பாக்கலாம் என்று ஃபாதரிடம் சொன்னேன். பங்குப் பேரவையில் பேசச் சொன்னார். அதுவரை அந்த வீட்டுக்கு நாங்களே போய் வருவதாகச் சொல்லிவிட்டோம்.