குறைமாத வலிக்குப் போடும் டெக்ஸா ஊசியும் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியும்

மாதம் நிறையும் முன்னே வலி வந்துவிட்டால் தாயின் தொடையில் டெக்ஸாமெத்தசோன் போடுவார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் அந்த ஊசியைப் பற்றி வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஸ்டீராய்டாமே, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போயிருமா?" நியாயமான கேள்வி. எத்தனையாவது வாரத்தில் போட்டார்கள், எத்தனை டோஸ், அதன்பின் எத்தனை நாளில் பிரசவம் என்ற மூன்றும் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஊசியின் பலனில் சந்தேகமே வேண்டாம். நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ் 1969இல் செம்மறிக் குட்டிகளில் கண்டதை, ஹோவியுடன் சேர்ந்து 1972இல் தாய்மார்களிடம் நிரூபித்தார். கருவின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுகிறது. சோதனைகளையெல்லாம் திரட்டிய காக்ரேன் குழுவின் 2020 கணக்குப்படி, பிறந்த முதல் மாத இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்‌ஷன் சோதனையில் (அதுவும் 2020) இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆனது. ஆகவே 30 வாரத்தில் வலியோடு வருபவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் காரணம் காட்டி ஊசியை மறுப்பது பெரிய தப்பு.

ஆனாலும் இந்த மருந்து நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. தாயின் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் கருவுக்கு அதிகம் போகாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் இருக்கிறது. கார்டிசாலை அது வீரியமற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் பெருமளவு மடக்கிவிடும். டெக்ஸாமெத்தசோனும் அதே வகை மருந்தான பீட்டாமெத்தசோனும் மட்டும் அந்த நொதிக்கு அகப்படாமல் உள்ளே போகின்றன. கருவை எட்ட வேண்டும் என்பதற்காகவே இவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டினால் கருவின் எல்லா உறுப்பையும் எட்டும்.

அப்படி எட்டும் இடங்களில் ஒன்று, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. கிருமியை எதிர்க்கும் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அதுதான். பயிற்சியின் நடுக்கட்டத்தில் ஒரு செல் சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துத் தாங்கியிருக்கும். ஸ்டீராய்டு பட்டால் மடிந்துபோவதில் இந்தக் கட்டத்துச் செல்கள்தான் முதலில் நிற்கும். கருவுற்ற எலிகளுக்கு பீட்டாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தபோது குட்டிகளின் தைமஸ் சுருங்கியது, பிறகு தேறியது. தேறினாலும், எந்தக் கிருமியை அடையாளம் காணும் செல்கள் எவ்வளவு மிஞ்சின என்ற பட்டியல் சற்று மாறியிருந்தது.

2020இல் 'செல்' இதழில் வந்த எலி ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. பிறப்பையொட்டி ஸ்டீராய்டு பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு, அவற்றின் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டின் அன்றாட அளவு தாழ்ந்தே இருந்தது. சிடி8 அடையாளம் தாங்கிய டி-செல்களுக்கு அந்தச் சிறிய அளவு தேவை. அது குறைந்ததால் பாக்டீரியாவை விரட்டும் திறனும் கட்டியை அடக்கும் திறனும் மங்கின. அதிகம் பட்டதன் விளைவு பிற்காலத்தில் பற்றாக்குறையாக வெளிப்படுவதுதான் இதில் விசித்திரம். எலிக்குக் காலக்கணக்கு வேறு, டோஸ் வேறு; அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திவிடக் கூடாது.

மனிதர்களில் தைவான் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2023இல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. கருவில் ஊசி பட்ட குழந்தைகளுக்கு முதல் 3 மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்குமளவு தீவிரத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 32 சதவீதமும், ஒரு வயது வரை கணக்கிட்டால் 21 சதவீதமும் கூடுதலாக இருந்தது. இது ஒப்பீட்டு அளவு. நூறு பேரில் 21 பேருக்கு நோய் வரும் என்று படித்துவிடாதீர்கள். இன்னொன்று, குறைமாதத்தில் பிறப்பதே எதிர்ப்புச் சக்திக்குக் குறைதான். கிருமியை எதிர்க்கும் தாயின் ஐஜிஜி ஆன்டிபாடி பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் பாதிகூட வந்து சேர்ந்திருக்காது. தொற்றுக்கு ஊசி எவ்வளவு காரணம், அவசரப் பிறப்பு எவ்வளவு காரணம் என்று பிரிப்பது சுலபமில்லை.

ஊசி போட்ட பிறகு வலி அடங்கி, மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைகள் கதைதான் வேறு. 24 முதல் 34 வாரத்துக்குள் ஊசி பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் அப்படி 37 வாரம் தாண்டிப் பிறக்கிறார்கள். நுரையீரலுக்கு வந்த லாபம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. மருந்தின் மற்ற விளைவுகள் மட்டும் மிச்சம். ஊசியின் பலன் முதல் டோஸ் போட்ட 24 மணி நேரத்திலிருந்து 7 நாள் வரை நன்றாக இருக்கும். அதனால்தான் ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தோன்றினால் மட்டும் போடச் சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாய் திறக்காத வெறும் சூட்டு வலிக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

இதெல்லாம் வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் நடக்கும். நம் கரையில் அது சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று கேட்டால் குளித்த நாளைத்தான் சொல்வார்கள், கணக்குக்கு வேண்டியது தீட்டு பட்ட முதல் நாள். இரண்டுக்கும் மூன்று முதல் ஐந்து நாள் வித்தியாசம். தேதி நினைவில்லாதவரிடம் காலண்டரை நீட்டுவதைவிட மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துக் கேட்கலாம். ஏப்ரல் 15இல் தடை விழுந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். "தடை விழுந்தப்போ குளிச்சாச்சா, போட்டு கடலுக்குப் போன பிறகா?" என்றால் பலருக்குச் சட்டென்று ஞாபகம் வரும். நாட்டுப்படகு வீடுகளில் இந்தக் கேள்வி உதவாது. அங்கே கோயில் திருவிழா, மாதா திருவிழா, சந்தனக்கூடு என்று கேட்க வேண்டும்.

எதைவிடவும் உறுதியானது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். பிழை ஒரு வாரத்துக்குள் நிற்கும். எட்டாம் மாதம் முதன்முறையாக எடுக்கும் ஸ்கேன் மூன்று வாரம்கூடத் தவறலாம். வளர்ச்சி குன்றிய பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம்: 37 வாரத்துப் பிள்ளையை 33 என்று காட்டும், தேவையில்லாத ஊசி விழும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் இருக்க, நர்சம்மா அலையைப் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தால் நல்லது.

டோஸ்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 4 தடவை, ஆக 24 மில்லிகிராம். கைக்கு வரும் குப்பி பெரும்பாலும் 2 மில்லி, மில்லிக்கு 4 மில்லிகிராம். அதாவது ஒரு குப்பியில் 8 மில்லிகிராம். 6 வேண்டுமென்றால் 1.5 மில்லிதான் உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் குப்பி முழுவதையும் இழுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. நாலு தடவையும் அப்படிப் போனால் 32 மில்லிகிராம் ஆகிவிடும். பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி இடைவெளியில் இரண்டு. இங்கே பரவலாகக் கிடைப்பது அதன் பாஸ்பேட் வகை மட்டும். அது உடம்பில் நீடிக்காது. அரசு வழிகாட்டுதல் டெக்ஸாவைச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஜி.ஹெச்சுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்தும் மதுரைக்கு அனுப்பினால் அதைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே முதல் டோஸைப் போட்டே 108இல் ஏற்றலாம். 2014ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல் கிராம சுகாதார செவிலியரும் போடலாம் என்கிறது. ஊசிக்காக வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. பரிந்துரைச் சீட்டில் மருந்து, அளவு, மணி, வாரம் நாலும் இருக்க வேண்டும். மணி எழுதாமல் விட்டால் போய்ச் சேர்ந்த இடத்தில் முதலிலிருந்து தொடங்குவார்கள். நாலுக்குப் பதில் ஐந்து டோஸ், அதாவது ஒன்றேகால் கோர்ஸ் பிள்ளைக்கு ஏறும். வாரா வாரம் திரும்பப் போடும் பழைய வழக்கமும் இதே காரணத்தால்தான் கைவிடப்பட்டது.

தாய்க்குக் காய்ச்சல், நாற்றமடிக்கும் பனிக்குட நீர், தொட்டால் வலிக்கும் வயிறு இருந்தால் ஊசி கிடையாது. பனிக்குடம் உடைந்தும் தொற்று அறிகுறி இல்லையென்றால் போடலாம். போட்ட பிறகு தாயின் வெள்ளை அணுக்கள் தாமாகவே கூடி மூன்று நாளில் இறங்கும்; அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தொற்று என்று முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்கு ஐந்து நாள் வரை அளவு ஏறும், உள்நோயாளியாக வைத்துப் பார்ப்பதே சரி.

இழுப்புக்கு பியூடசோனைடு இன்ஹேலர் பிடிக்கும் கர்ப்பிணி அதை நிறுத்தவே கூடாது. கருவுக்குப் போகும் அளவு மிகக் குறைவு. மூச்சுத் திணறல்தான் ஆபத்து. உண்மையில் பயப்பட வேண்டியது, உடம்பு வலி, அரிப்பு என்று போகிற இடத்தில் பெயர் சொல்லாமல் போடும் டெக்ஸா ஊசிக்குத்தான். எந்த ஊசி என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கருவில் ஊசி பட்ட பிள்ளைக்குத் தனி மருந்தோ டானிக்கோ இல்லை. சீம்பால், தோலோடு தோல் சேர்த்து அணைக்கும் கங்காரு அணைப்பு, கை கழுவுதல் போதும். தடுப்பூசிகள் பிறந்த தேதியை வைத்தே 6, 10, 14 வாரத்தில். பிறந்தவுடன் போடுபவை மட்டும் எடை மிகக் குறைந்த பிள்ளைக்குச் சற்றுத் தள்ளலாம், அதை டாக்டர் சொல்வார். முதல் இரண்டு மாதம் பிள்ளை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்கு தவறும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் இடையிடையே மூச்சை நிறுத்தி வாங்கும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபடியும் 60, அல்லது விலா உள்ளிழுப்பு, பால் மறுப்பு, 37.5 டிகிரி செல்சியஸ் தொட்ட சூடு, 35.5க்குக் கீழே போன குளிர்ச்சி, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். வந்ததும் கருவில் டெக்ஸா போட்டதைச் சொல்லி, தாய் சேய் நல அட்டையைக் கையில் கொடுங்கள்.