பத்தாம் வகுப்பிலேயே கல்லூரி அணிக்குச் சரி சொல்லத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் மகள் கிளப் சாக்கர் ஆடுகிறாள் என்றால், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே மைதான ஓரத்தில் விசாரிப்பு ஆரம்பித்துவிடும். "உங்க பொண்ணை எந்த காலேஜ் பார்க்குது?" என் மகள் டிஃபெண்டர். அந்த ஓட்டமெல்லாம் முடிந்து இப்போது கையெழுத்தும் போட்டாயிற்று. அடுத்து வரும் பெற்றோருக்காக, எங்களுக்குத் தெரிய வந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இன் மகளிர் சாக்கரில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை கல்லூரி கோச் உங்கள் பிள்ளையிடம் அணியில் சேர்வது பற்றிப் பேசக் கூடாது. கல்லூரி செலவில் வரவழைத்துச் சுற்றிக் காட்டுவது ஆகஸ்ட் 1-க்கு மேல்தான். சாஃப்ட்பாலுக்கும் லக்ராஸுக்கும் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1. இந்த விதிகளெல்லாம் 2017-க்கும் 2019-க்கும் இடையில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கொண்டுவந்தவை. அதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்தக் கல்லூரிக்குத்தான் ஆடுவேன் என்று வாய்ச்சொல்லில் 'கமிட்' ஆகிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தேதிக்கு முன் வரும் "எங்கள் கேம்ப்பில் உங்களை எதிர்பார்க்கிறோம்" மெயில்களைப் பார்த்து உருகிவிடாதீர்கள். அது ஊருக்கே போகும் மெயில், கேம்ப்புக்குக் கட்டணமும் உண்டு. பிள்ளை உண்மையிலேயே விரும்பும் கல்லூரி என்றால் போகட்டும். மற்றதை விடுங்கள்.

ஜூன் 15 நள்ளிரவு தாண்டியதும் போனில் மெசேஜ் விழ ஆரம்பிக்கும். பத்து மெசேஜ் வந்த பிள்ளையும் தூங்காது, ஒன்றுமே வராத பிள்ளையும் தூங்காது. அதற்கப்புறம் வரும் வாரங்களில்தான் உண்மையான நெருக்கடி. ஒரு கோச் என் மகளிடம், "உங்க வருஷத்துக்கு ரெண்டு டிஃபெண்டர்தான் எடுக்கிறோம். ஒருத்தி சரி சொல்லிட்டா" என்றார். இதை வெறும் மிரட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். பல நேரம் அது நிஜம்தான், அவருக்கும் அணியை நிரப்பியாக வேண்டும். ஆனால் அந்த அவசரம் அவருடையது. மகள் கேட்டது இவ்வளவுதான்: "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், எந்தத் தேதி வரை காத்திருப்பீர்கள்? அதை மெயிலில் அனுப்ப முடியுமா?" ஒருவர் அனுப்பினார். இன்னொருவர் அனுப்பவில்லை, அந்த இடம் கைவிட்டுப் போனது. மகள் ஒரு நாள் முகம் தூக்கி வைத்திருந்தாள், அவ்வளவே.

வாய்ச்சொல் கமிட்மென்ட் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. தட்டு மாற்றாத சம்பந்தம் மாதிரி. கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், புதிதாக வருபவர் பழைய பேச்சைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1964 முதல் இருந்த, இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும் 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தத்தையும் 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் கையெழுத்தாகும் நிதியுதவி ஒப்பந்தம்தான் நம் கையில் இருக்கும் காகிதம்.

சந்தேகம் இருந்தால் 2025-ஐப் பாருங்கள். ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று என்சிஏஏ மீது போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அதில் சேரும் கல்லூரிகளுக்கு அணியின் ஆள் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. மகளிர் சாக்கருக்கு 28 பேர். நீதிமன்றம் ஒப்புதல் தருவதற்கு முன்பே பல கல்லூரிகள் ஆட்களைக் குறைத்தன. அணியில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, இடம் உண்டு என்று வாக்குப் பெற்றிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் போனது. வழக்கை விசாரித்த நீதிபதி கிளாடியா வில்கன் இதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவர்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு சேர்த்தார்கள். அதுவும் கல்லூரி விரும்பினால் மட்டும்.

ஆகவே கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்கச் சொல்லுங்கள். என் வருஷத்தில் மொத்தம் எத்தனை பேர்? வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? (இப்போது இது பெரிய கேள்வி. பதினேழு வயதுப் பிள்ளை இருபத்தொரு வயது ஆட்டக்காரியோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.) காயம்பட்டால் உதவித்தொகை என்ன ஆகும்? லேப் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால்? கடைசிக் கேள்வியை கோச்சிடம் கேட்பதைவிட அணியில் இருக்கும் இன்ஜினியரிங் மாணவியிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது: "எங்க டீம்ல அந்த மேஜர் நான் ஒருத்திதான்." கால் உடைந்து ஆட்டமே நின்றுபோனாலும் இந்தக் கல்லூரியில் படிப்பாயா என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். மகள் பட்டியலில் பாதி அந்தக் கேள்வியிலேயே கழன்றுவிட்டது.

டிவிஷன் 1 மட்டுமே கல்லூரி என்று நினைக்கவும் வேண்டாம். எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், எமரி மூன்றும் டிவிஷன் 3. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு. அங்கே ஆள் எடுப்பதும் பொதுவாகத் தாமதமாகத்தான். பத்தாம் வகுப்பில் யாரும் கூப்பிடவில்லை என்று அழுத பிள்ளைக்கு பதினோராம் வகுப்புக் கோடையில் அழைப்பு வருவதை நாங்களே பார்த்தோம்.

படிப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று: டிவிஷன் 1-க்கு என்சிஏஏ கேட்கும் 16 கோர் பாடங்களில் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்) 10 பதினோராம் வகுப்புக்குள் முடிந்திருக்க வேண்டும். பள்ளி கவுன்சிலரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், கோச்சிடம் போனில் பேசுவது பிள்ளையாகவே இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்வதையும் அவளே சொல்லட்டும். பணப் பேச்சு வரும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அதற்கு முந்தின நாளே அந்தக் கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 'பாதி ஸ்காலர்ஷிப்' என்று கோச் சொல்லும்போது மீதிப் பாதி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.